புதுமனைவி புகுவிழாவும் ஓர் இடது பெடலும்

மனைவியின் சைக்கிளோடு தனியாக வெளிநாடு கிளம்பும் ஆண்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். கிளம்பாதீர்கள். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடுங்கள்.

நான் திருச்சியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். அடுத்தவர் பிழையைச் சிவப்பு மையில் வட்டமிடுவதுதான் முப்பது வருடப் பிழைப்பு. சைக்கிள் ஓட்டத் தெரியாது. சிறுவயதில் கற்றுக்கொள்ளவில்லை, பிறகு கற்றுக்கொள்ள வெட்கம், அப்புறம் வயசாகிவிட்டது. என் மனைவி சுசீலா கணக்கு டீச்சர். அவள் ஐம்பதாவது வயதில் திடீரென்று ஒரு பந்தய சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். விடியற்காலையில் நான் போர்வைக்குள் இருக்கும்போது காவிரிக் கரையில் அவள் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பி வந்து எனக்குக் காப்பி போடுவாள். பலமுறை, "வாங்க, நான் சொல்லித் தரேன்" என்று கூப்பிட்டாள். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போது மலாய் நாட்டுக் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம் என்று தெரிந்து பெயர் கொடுத்துவிட்டாள். அதே வாரம் வெள்ளிக்கிழமை கிள்ளானில் என் தங்கை கோமதியின் புதுவீட்டுப் புகுவிழா. எல்லாம் நன்றாகப் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர. சுசீலாவுக்கு வெள்ளி வரை பரீட்சை மேற்பார்வை. சனிக்கிழமை சாயங்காலம்தான் வந்து இறங்க முடியும். வந்து இறங்கி, சைக்கிளைப் பூட்டி, மறுநாள் காலையில் நூறு கிலோமீட்டர் போவது எப்படி?

"நான் முன்னாடியே கொண்டுபோய்ப் பூட்டி வைக்கிறேன். நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். ஒரு வருடப் பயிற்சியை என் கையில் கொடுக்கலாமா என்ற கணக்கு அந்தப் பார்வையில் ஓடியது. பிறகு ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

வீட்டுக் கூடத்தில் வைத்து என்னை மூன்று முறை பிரித்துப் பூட்ட வைத்தாள். பெடல் இரண்டையும் கழற்று. இருக்கையின் உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு இறக்கு. முன்சக்கரத்தின் அச்சை உருவிச் சக்கரத்தை எடு. சக்கரம் இருந்த இடத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகு, இல்லாவிட்டால் மேலே பெட்டி விழுந்தால் சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு கால்களும் நசுங்கிவிடும். பிரேக் கட்டைகளுக்கு நடுவே அட்டைத்துண்டு. பின்னால் தொங்கும் கியர் பாகத்தைத் திருகி எடுத்துக் குமிழித்தாளில் சுற்றி உள்பக்கமாகக் கட்டு. டயரில் காற்றைப் பாதி இறக்கு. இவ்வளவுதான். எனக்கு இதில் எல்லாமே வந்தது, இடது பெடல் மட்டும் வரவில்லை.

உலகத்தில் உள்ள திருகாணி எல்லாம் வலப்பக்கமாகச் சுற்றினால் இறுகும். சைக்கிளின் இடது பெடல் மட்டும் இடப்பக்கமாகச் சுற்றினால்தான் இறுகும். வலமாகச் சுற்றினால் கழன்று வந்துவிடும். மாற்றி முறுக்கினால் மரையே போய்விடும், அப்புறம் ஜென்மத்துக்கும் சேராது. மூன்று முறையும் நான் மாற்றித்தான் முறுக்கப் போனேன். மூன்றாவது முறை சுசீலா தலையில் கை வைத்துக்கொண்டு, "எழுதி வச்சுக்குங்க, நீங்க எழுதினாத்தான் நம்புவீங்க" என்றாள்.

எழுதினேன். என் தொழில் சுத்தத்தோடு, நல்ல தமிழில், ஒரு சீட்டில்: "இடது. வலமாகச் சுற்றினால் கழன்றுவிடும். இடமாகச் சுற்றினால் இறுகும். மாற்றிச் சுற்றினால் பாழ்."

பெடல் கீறாமல் இருக்கச் சிவப்பு ரவிக்கைத் துணி ஒன்றில் சுற்றினேன். வீட்டில் கறுப்புக் கயிறுதான் இருந்தது, அதை வைத்துக் கட்டினேன். சீட்டை அதில் செருகினேன். இரண்டு பெடல், முன்சக்கர அச்சு, சில்லறைத் திருகாணிகள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போனது. அந்த மஞ்சள் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கோமதி தன் விழாவுக்குத் தாம்பூலம் கொடுக்க மஞ்சள் துணிப்பை வேண்டும் என்று கேட்டிருந்தாள். அங்கே பளபளப்பான காகிதப் பைதான் கிடைக்கிறதாம், அவளுக்கு நம்ம ஊர்ப் பைதான் வேண்டுமாம். எங்கள் அச்சகத்திலேயே அடிக்கக் கொடுத்தேன். மாதிரிக்கு ஒரு பை வந்தது. நானே படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து சுசீலாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, குணா மாப்பிள்ளை ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கப் போறாரா?"

பையில் "கோமதி – குணசேகரன் இல்லப் புதுமனைவி புகுவிழா" என்று இருந்தது. புதுமனையில் ஒரு 'வி' கூடுதலாக ஏறியிருக்கிறது. முப்பது வருட அனுபவம் பார்க்காததைக் கணக்கு டீச்சர் பார்த்துவிட்டாள். ஓடிப்போய்த் திருத்தி, மற்ற பைகளைச் சரியாக அடித்து வாங்கினேன். அந்தப் பிழையான பை ஒன்று மட்டும் மிஞ்சியது. நல்ல கெட்டித் துணி. தூக்கிப்போட மனசு வரவில்லை. அதில்தான் திருகாணிகளைப் போட்டேன்.

புதன்கிழமை போய் இறங்கினேன். சுங்கத்தில் ஒரு மலாய் அதிகாரி சைக்கிள் இருந்த அட்டைப்பெட்டியைத் தட்டி, "அங்கின்?" என்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார் போல என்று, "அங்கின்தான், கிள்ளான்" என்று கதவுப்பக்கம் கையைக் காட்டினேன். அவர் வாயைக் குவித்து ஊதிக் காட்டினார். மலாயில் 'அங்கின்' என்றால் காற்று. டயரில் காற்று இறக்கியாயிற்றா என்று கேட்டிருக்கிறார். நானும் பதிலுக்கு ஊதிக் காட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து ஊதியபின் போகச் சொல்லிவிட்டார்.

வெளியே தங்கை கணவர் குணா நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்துவிட்டு, "மச்சான், காடி பத்தாது லா" என்றார். எங்கள் ஊரில் காடி என்றால் புளித்த நீர், ஊறுகாயில் ஊற்றுவது. சைக்கிளுக்கு அது எதற்கு என்று விழித்தேன். அங்கே கார்தான் காடியாம், 'லா' வெறும் பேச்சு வாலாம். ஒரு நண்பரின் லோரியை வரச் சொன்னார். லாரி வரப்போகிறது என்று பயந்து ஓரமாக நின்றேன். வந்தது நம் ஊர்க் குட்டியானை அளவு வண்டி. பெட்டியை ஏற்றி, நானும் பின்னாலேயே ஏறி, அணைத்துப் பிடித்துக்கொண்டு கிள்ளான் வரை போனேன். வழியில் மழை. பெட்டிக்குத் தார்ப்பாய் போட்டேன். எனக்குப் போதவில்லை.

வியாழக்கிழமை காலை கோமதி, "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். பத்து வருடத்தில் என் தங்கை பேச்சு மாறிவிட்டது. காலைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு அழகான சொல்லை வைத்துக்கொண்டு நாம் டிபன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது. ரொட்டி சானாய் நான்கு சாப்பிட்டேன். பரோட்டாவுக்குத் தம்பி முறை, ஆனால் கொஞ்சம் நளினம் அதிகம். பருப்புக் குழம்பில் முக்கினால் முரண்டு பிடிக்காமல் மூழ்குகிறது. தே தாரிக் என்ற டீயை ஒருவர் ஒரு கை உயரத்திலிருந்து இன்னொரு கைக்கு ஆற்றினார். நம்ம ஊர் மாஸ்டரும் இதைத்தான் செய்கிறார், ஆனால் கோபமாகச் செய்கிறார். அன்றே சைக்கிளைப் பூட்டியிருக்கலாம். நாளைக்குப் பூட்டலாம் என்று பலகாரம் பிடிக்கப் போய்விட்டேன். வெளியே எடுத்து வைத்த மஞ்சள் பை பெட்டியின் மேலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை விழா ஜோராக நடந்தது. பூச்சோங், அம்பாங் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். பால் பொங்கியது. நான் மூன்று முறை பாயசம் வாங்கினேன். எல்லோரும் போன பிறகு, மத்தியானம் சட்டையைக் கழற்றிவிட்டு, ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் திறக்கப் போனேன். மேலே பை இல்லை.

"கோமதி, இங்க ஒரு மஞ்சப்பை இருந்துச்சே?"

"அதா? கடைசியில ஒரு பை கொறஞ்சு போச்சு அண்ணே. நான் அடுப்படியில இருந்தேன், இவருதான் ரூம்ல ஒண்ணு இருக்குன்னு எடுத்துக் குடுத்தாரு."

குணா வந்தார். "ஆமா மச்சான். தேங்கா கனம்தான இருந்துச்சு."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"அது தெரியல லா. கேட்ல ஒரே கூட்டம்."

என் மனைவியின் ஒரு வருடம் யாரோ ஒருவர் வீட்டில் வெற்றிலைபாக்கோடு உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துச் சுசீலாவிடமிருந்து செய்தி வந்தது: "பூட்டியாச்சா?" நான், "எல்லாம் நலம்" என்று அனுப்பினேன். இலக்கணப்படி அது பொய் அல்ல. அவள் கேட்டதற்குப் பதிலும் அல்ல.

கோமதி குடும்ப வாட்சப் குழுவில் குரல் செய்தி போட்டாள். "யாருக்காவது தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா இரும்பு வந்திருந்தா சொல்லுங்க. பையில புதுமனைவின்னு போட்டிருக்கும், அது மிஸ்டேக்." இதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் இரும்பை விட்டுவிட்டுப் புதுமனைவியைப் பிடித்துக்கொண்டார்கள். அம்பாங்கிலிருந்து ஒருவர், குணா அப்படிப்பட்ட ஆள் இல்லையே என்று வருத்தப்பட்டார். பூச்சோங்கிலிருந்து ஒரு அங்கிள் மட்டும், "எங்க பை ரொம்பக் கனமா இருக்கு" என்றார். பறந்தோம். பையில் இரண்டு தேங்காய் இருந்தது. அவர் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். நாணயமான மனிதர். அவரைத் திட்டவும் முடியவில்லை.

அங்கிருந்து சைக்கிள் சாமான் தேடித் தமிழர் கடைத்தெருவான பிரிக்ஃபீல்ட்ஸ். மாலை அணிந்த கடைகளும் மல்லிகைப்பூ வாசமும் பாட்டுச் சத்தமுமாக இருந்ததில் திருச்சி பெரியகடை வீதியில் நிற்கிறோமோ என்று தோன்றியது. பார்க்கும் மனநிலையில் நான் இல்லை. சந்துக்குள் ஒரு சீனர் சைக்கிள் கடை வைத்திருந்தார். குணா மலாயில் பேசி எனக்குத் தமிழில் சொன்னார்.

"பெடல் எத்தனை வேணும்னாலும் தரேங்கறாரு. அச்சுதான் பிரச்சனையாம். ஒவ்வொரு சைக்கிளுக்கும் நீளம் வேற, மரை வேறயாம். இந்த சைக்கிளுக்கு ஓடர் போட்டா அடுத்த வாரம்."

"ஞாயித்துக்கிழமை ஓட்டணும்னு சொல்லுங்க."

சொன்னார். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார். குணா தயங்கினார்.

"அச்சைத் தனியா ஏன் பையில போட்டீங்கன்னு கேக்கறாரு. சக்கரத்தை எடுத்ததும் அச்சை அதே ஓட்டையில திருப்பி மாட்டிடணுமாம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம்."

மனம் உடைந்தவனுக்கு வாழையிலைச் சாப்பாடு நல்ல மருந்து. பக்கத்திலேயே ஒரு கடையில் உட்கார்ந்து, பாகற்காய் வறுவல் வரவர உள்ளே தள்ளினேன். குணா என்னைத் தேற்றினார். "விடுங்க மச்சான், அக்காகிட்ட உண்மையச் சொல்லிடலாம்." நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். திட்டுவாள் என்ற பயம் இல்லை. திட்டாமல் 'பரவால்லைங்க' என்று சொல்லிவிடுவாளே என்ற பயம். இருபத்தாறு வருடத்தில் என் அசட்டுத்தனத்துக்கெல்லாம் அவள் 'பரவால்லைங்க' சொல்லியிருக்கிறாள். இந்த ஒன்றில் அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோமதிக்கு ஒரு போன் வந்தது. ஜெஞ்சாரோமிலிருந்து பாக்கியம் ஆன்டி. குணாவுக்குத் தூரத்துச் சொந்தம், வாட்சப் குழுவில் இல்லாதவர். குரலைத் தாழ்த்திப் பேசினார். கோமதி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கோமதி, குணா பக்கத்துல இருக்கானா?"

"இல்ல ஆன்டி" என்றாள், குணாவையே பார்த்துக்கொண்டு.

"பயப்படாதம்மா. உன் வீட்டு விசேஷத்துல எவளோ செய்வினை வச்சிட்டா. தேங்காய்னு நினைச்சுக் கை விட்டேன். செவப்புத் துணி, கறுப்புக் கயிறு, உள்ள இரும்பு. பையில உன் பேரு, குணா பேரு, புதுமனைவின்னு எழுதியிருக்கு. உள்ள ஒரு சீட்டு. வலமாச் சுத்துனா கழண்டுருமாம், இடமாச் சுத்துனா இறுகுமாம். உன்னைக் கழட்டிவிட்டுட்டு இன்னொருத்தியக் கொண்டுவரப் பாக்கறாளுங்கம்மா. நீ கவலப்படாத. நான் அதைக் கொண்டுபோய் முனியாண்டி கால்ல போட்டுட்டேன்."

நானும் குணாவும் லோரியில் ஏறிவிட்டோம்.

ஆன்டி வீட்டு வாசலிலேயே எங்களை மறித்தார். அறுபது வயது, வெள்ளை முடி, கையில் துடைப்பம். குணாவை உள்ளே விடத் தயாராக இல்லை. நான் விளக்கினேன். அது சைக்கிள் பெடல், என் மனைவியின் சைக்கிள், திருகும் முறையை மறந்துவிடாமல் எழுதி வைத்தது.

"பெடலுக்கு எதுக்கு செவப்புத் துணி?"

"கீறாம இருக்க."

"கறுப்புக் கயிறு?"

"வீட்டுல அதுதான் இருந்துச்சு."

"மாத்திச் சுத்துனா பாழ்னு போட்டிருக்கே?"

"மரை பாழாயிடும் ஆன்டி."

"அப்ப புதுமனைவி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அது அச்சுப்பிழை. நான்தான் பிழை திருத்தறவன். முப்பது வருஷமாத் திருத்தறேன்."

"அப்ப இதையும் திருத்தியிருக்கலாமே" என்று துடைப்பத்தைக் கீழே வைத்தார். பிறகு பசியாறினீர்களா என்று கேட்டு, இல்லை என்றதும் ஆளுக்கு இரண்டு பொட்டலம் நாசி லெமாக் கொடுத்தார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, கண்ணில் தண்ணீர் வரவைக்கும் சம்பல். எந்தக் கவலையிலும் எனக்குப் பசி மட்டும் தவறுவதில்லை.

செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்து ஓரத்தில் இருந்தது அந்தக் கோயில். கூரை, மண்தரை, மீசையோடு பாராங் கத்தியை ஓங்கிய முனியாண்டி, காலடியில் சுருட்டு. அதன் பக்கத்தில் என் சாமான்கள். இரண்டு பெடலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. முன்சக்கர அச்சை மண்ணில் நட்டு, அதன் நுனியில் குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தியிருந்தார்கள். கோடிக்கணக்கில் சைக்கிள் ஓடும் இந்த உலகில் இப்படி ஒரு மரியாதை வேறு எந்த அச்சுக்கும் கிடைத்திருக்காது.

பூசாரி பெயர் ராஜூ. வாரநாளில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"சைக்கிள் சாமான்னு தெரியுது அண்ணே. நான் பாத்ததுமே ஆன்டிகிட்டச் சொன்னேன், கேக்கல. ஆனா சாமி கால்ல வச்சாச்சு. சும்மா எடுக்க முடியாது லா."

"என்ன செய்யணும்?"

"ஐயா காவக்காரரு. வாகனம் ஓடணும்னு நீங்க கேக்கறீங்க, ஓடும். ஓடி முடிச்சதும் அதைக் கொண்டுவந்து ஐயாவுக்குக் காட்டிட்டுப் போங்க. மூணு சுத்து."

"கண்டிப்பா. என் மனைவி வந்து சுத்துவா."

"அக்கா எதுக்கு? யாரு கேக்கறாங்களோ அவங்கதான் ஓட்டணும்."

நான் முனியாண்டியைப் பார்த்தேன். முனியாண்டி என்னைப் பார்த்தார். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது அந்த இடத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஓட்டுவாரு, ஓட்டுவாரு" என்று குணா எனக்காக ஒப்புக்கொண்டு அச்சைப் பிடுங்கினார்.

மத்தியானத்துக்குள் பூட்டினேன். இடது பெடலுக்கு வந்ததும் சீட்டை மூன்று முறை படித்தேன். இடமாக, இடமாக என்று சொல்லிக்கொண்டே சுற்றினேன். உள்ளே வழுக்கிக்கொண்டு போய் இறுகியது. காற்று அடித்தேன். இருக்கையை டேப் அடையாளத்துக்கு ஏற்றினேன். பிரேக் கட்டைக்கு நடுவே வைத்த அட்டையை மட்டும் மறந்துவிட்டேன், அதைக் கோமதி கண்டுபிடித்தாள்.

சாயங்காலம் வந்த சுசீலா, தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளிடம் போனாள். ஒவ்வொரு திருகாணியாகத் தொட்டுப் பார்த்தாள். சக்கரத்தைச் சுழலவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். அச்சின் ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்தாள். விரல் சிவந்தது.

"இது என்ன?"

"கிரீஸ்."

"செவப்பாவா?"

"இந்த ஊரு கிரீஸ் அப்படித்தான்."

அவள் விரலை முகர்ந்தாள். "சுருட்டு வாடை வருது."

குணா அதற்குமேல் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். முழுக்கதையும் வந்தது. செய்வினை வந்தபோது கோமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழம் வந்தபோது சுசீலாவுக்குப் புரையேறியது. 'பரவால்லைங்க' வருமென்று நான் காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"ஓட்டறேன்னு ஒத்துக்கிட்டீங்களா? நீங்களா?"

"வேற வழி?"

அவள் சைக்கிள் இருக்கையில் கையை வைத்து, என் உயரத்துக்கு அளந்து பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமான அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு விடியும் நேரம் அவளைக் கிளப்பிவிட்டோம். நூற்றுக்கணக்கான பேர், எல்லா நிறத்திலும் இறுக்கமான சட்டை, அதற்கு நடுவில் தலைக்கவசத்துக்குள் பூ வைத்துக்கொண்டு என் மனைவி. போனவள் திரும்பும் வரை நான் ஒரு மரத்தடியில் நின்றேன். பின்னால் வரும் வேன் ஒவ்வொரு முறையும் களைத்தவர்களையும் உடைந்த சைக்கிள்களையும் இறக்கியது. ஒவ்வொரு முறையும் நான் ஓடிப்போய் அவள் சைக்கிள் இருக்கிறதா என்று தேடினேன். நான் இறுக்கிய பெடல் அது. வேகமானவர்கள் வந்து, குளித்து, சாப்பிட்டுப் போயும் விட்டார்கள். பந்தல்காரர்கள் நாற்காலியை அடுக்கத் தொடங்கினார்கள். நான் ஒருவரிடம், "இன்னும் ஒரு ஆள் இருக்காங்க" என்று சண்டைக்குப் போனேன். அவர் மலாயில் சமாதானம் சொன்னார். நான் தமிழில் ஏற்க மறுத்தேன்.

அப்போது வளைவில் அவள் வந்தாள். முகம் வெயிலில் கறுத்து, பூ காதோரம் தொங்கிக்கொண்டு, ஆனால் மிதித்துக்கொண்டு. கடைசிக்கு முந்தின ஆள். நான் அழுதுவிட்டேன். குணா பார்த்தார். சம்பல் காரம் என்றேன். கையில் சம்பல் எதுவும் இல்லை.

"எல்லாம் நல்லாப் பூட்டியிருந்தீங்க" என்றாள் சுசீலா, மூச்சு வாங்க. இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அவள் கொடுத்த மிகப் பெரிய சான்றிதழ் அது.

திங்கட்கிழமை காலை, சைக்கிளைத் திரும்பப் பிரிப்பதற்கு முன்னால், ஜெஞ்சாரோம். சுசீலா இருக்கையை இறக்கினாள். என் வேட்டியை மடித்துக் கட்டினாள். பாக்கியம் ஆன்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பூசாரி ராஜூ கற்பூரத் தட்டோடு தயாராக நின்றார்.

"நான் புடிச்சுக்கறேன். நீங்க மிதிங்க."

மிதித்தேன். அவள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நூறு கிலோமீட்டர் ஓட்டிய மறுநாள் ஒரு மனிதனைத் தள்ளிக்கொண்டு ஓடும் தெம்பு அவளுக்கு இருந்தது. முதல் வளைவு வந்தது. கோயிலை வலமாகச் சுற்ற வேண்டும், அதாவது கைப்பிடியை வலது பக்கம் திருப்ப வேண்டும். நான் திருப்பினேன், சைக்கிள் நின்று என்னைச் செம்பனை ஓலைக் குவியலில் இறக்கியது. மறுபடி ஏறினேன். மறுபடி ஓலை. எனக்கு வலது பக்கம் திரும்பவே வரவில்லை. இடது பக்கம் திருப்பினால் மட்டும் சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்டது.

மூன்றாவது தடவை நான் யோசிக்கவில்லை. இடமாகவே போனேன். கூரை சுற்றியது, முனியாண்டி சுற்றினார், ஆன்டியின் நாற்காலி சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று. இருக்கையைப் பிடித்த கை ஒரு நொடிகூட விடவில்லை, அது எனக்கு முதுகில் தெரிந்துகொண்டே இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் சைக்கிள் ஓட்டிவிட்டேன். செய்தித்தாளால் முகத்தை மறைத்துக் கழித்த காலைகளை நினைத்து உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

பூசாரி நெற்றியைச் சுருக்கினார். "அண்ணே, கோயிலை யாராவது இடமாச் சுத்துவாங்களா? வலமாத்தான் சுத்தணும். முறை தப்பு லா."

நான் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். சுசீலாதான் பதில் சொன்னாள், வேட்டியிலிருந்து ஓலையை எடுத்துப் போட்டபடியே.

"தப்பில்லண்ணே. இவரு இடது பெடலு. இந்தப் பக்கம் சுத்தினாத்தான் இறுகுவாரு."

ராஜூ குனிந்து இடது பெடலைப் பார்த்தார். லோரி ஓட்டுகிறவர், திருகாணி தெரிந்தவர். "அப்பச் சரி" என்று கற்பூரத்தைக் கொளுத்தினார்.